பத்தொன்பது வீட்டு முறைக்காய்ச்சல்

1952ஆம் வருஷம் ஐப்பசி பதினேழாம் தேதி மதியம் இரண்டு மணிக்கு, வேதக்கண்ணுக்கு வரவேண்டிய காய்ச்சல் சோலையம்மாள் வீட்டுக்குப் போனது. பத்தொன்பதாம் தேதி நஃபீசா வீட்டுக்குப் போனது. இருபத்தொன்றாம் தேதி ஆட்டுக்கார வீரையா வீட்டுக்கு. அப்படியே ஒன்றுவிட்டு ஒரு நாள், வெள்ளைமுந்தலின் பத்தொன்பது வீட்டுக்கும் போய், ஒரு வீட்டையும் விடாமல், ஒரு வீட்டிலும் இரண்டாம் தடவை தங்காமல் ஊரைச் சுற்றியது. இதில் ஆச்சரியப்பட ஏதோ இருப்பதாக அந்த ஊரில் யாரும் நினைக்கவில்லை. ஆச்சரியப்பட்டவர் மிஷன் உபதேசியார் ஞானசிகாமணி ஒருவர்தான். அவரும் வெளியூர்.

வெள்ளைமுந்தல் தேவிபட்டினத்துக்குத் தெற்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டு கிடக்கும் மணல்மேடு. மூன்று பக்கமும் உப்புத் தண்ணீர். ஊர் நடுவில் ஆளுயரப் பள்ளத்தில் ஒரே ஒரு நல்ல தண்ணீர் ஊற்று. இரண்டு குடம் கோரினால் பள்ளம் வற்றிவிடும். மறுபடி ஊறும் மட்டும் பக்கத்தில் குத்தவைத்திருந்து, சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடத்தில் ஊற்ற வேண்டும். அதனால் அங்கே தண்ணீருக்கு முறை. விடிந்ததிலிருந்து பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு ஒரு முறை, முறைக்கு இரண்டு குடம். பள்ளிவாசல் பக்கத்தில் பதினொரு வீடு, காளி கோயில் பக்கத்தில் எட்டு வீடு, எல்லாம் ஒரே முறையில் சேர்த்தி. மழை கொட்டி ஊரெல்லாம் தண்ணீராய் நின்றாலும் முறை முறைதான். முறையைக் கூப்பிடுகிறவள் சோலையம்மாள். காலையில் முதல் சிரட்டையை நாக்கில் வைத்துப் பார்த்து, உப்புக் கரிப்பு இல்லை என்று அவள் சொன்ன பிறகுதான் முதல் குடம் இறங்கும். ஆள் எலும்பும் தோலுமாக இருப்பாள். குரல் மட்டும் கடலில் போகிற வள்ளத்தைத் திருப்பிக் கூப்பிடும்.

வேதக்கண் தெற்கே, தேரிமணல் ஊர்க்காரி. மிஷனில் பைபிள் ஸ்திரீ வேலை. வீடு வீடாகப் போய்ப் பெண்களை உட்காரவைத்து வேதம் வாசித்துக்காட்டிப் பாட்டுப் பாட வேண்டும். வருஷா வருஷம் ஐப்பசியில் உபதேசியாரோடும் வண்டிக்காரர் தங்கசாமியோடும் இந்தக் கடற்கரை ஊர்களுக்கு ஊழியப் பயணம் வருவாள். அவளுக்கு நல்ல குரல். வெள்ளைமுந்தல் பெண்கள் பாட்டை உட்கார்ந்து கேட்டார்கள், கருவாட்டுக் குழம்பு ஊற்றினார்கள், கொடுத்த துண்டுப் பிரசுரங்களில் மிளகாய்வற்றலை மடித்து வைத்தார்கள். ஆறு வருஷத்தில் ஒருவரும் வேதத்தில் சேரவில்லை. அதில் வேதக்கண்ணுக்கு வருத்தம் இல்லை. அவளுக்கு எதிலுமே வருத்தம் இல்லாமல் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது.

நாலு வருஷத்துக்கு முன் அவள் புருஷன் மாசிலாமணி வைசூரி கண்டு பத்தே நாளில் போய்ச் சேர்ந்தார். அடக்கத்தன்று அவளுக்கு அழுகை வரவில்லை. நாளைக்கு வரும் என்று இருந்தாள். மறுநாளும் வரவில்லை. காலை மடக்கி வெகுநேரம் உட்கார்ந்தால் மரத்துப்போகுமே, அந்த மாதிரி உள்ளே மரத்துவிட்டது. எழுந்து உதறினால் சரியாகும் என்று நினைத்தாள், உதறத் தெரியவில்லை. காலையிலும் மாலையிலும் முழங்கால்போட்டு ஜெபித்தாள். வார்த்தைகள் வந்தன. அவற்றுக்குப் பின்னால் யாரும் வரவில்லை. இதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. பைபிள் ஸ்திரீயே இப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் என்ன செய்வார்கள், பாவம். மாசிலாமணி அவளுக்காக ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். இருபது அடி. எழுதிவைக்கச் சொன்னால், நோட்டுப் புத்தகம் நீதானே என்பார். கல்லறையில் அதைப் பாடுவோம் என்று வாயைத் திறந்தவளுக்கு ஒரு சொல் நினைவில்லை. மெட்டும் இல்லை. நோட்டுப் புத்தகம் வெள்ளையாக இருந்தது.

அந்த வருஷம் பயணம் வந்த ஐந்தாம் நாள் வேதக்கண்ணுக்குக் குளிர் கண்டது. பல் தந்தியடிக்கும் குளிர், பிறகு பாயைச் சுட்டுவிடும் சூடு, பிறகு வேர்வை. மறுநாள் ஒன்றும் இல்லை. அதற்கு மறுநாள் அதே இரண்டு மணிக்கு மறுபடி. நஃபீசா தன் சரக்குக் கொட்டகையில் அவளுக்கு இடம் கொடுத்தாள். நஃபீசாவின் புருஷன் ஹமீது சுல்தான் ஒரு காலத்தில் கருவாடும் மிளகாயும் தோணியில் ஏற்றிக் கொழும்புக்குப் போய்வந்தவர். பாஸ்போர்ட், விசா என்று வந்த பிறகு அந்தக் கரையிலேயே மாட்டிக்கொண்டு மூன்று வருஷமாக ஊர் திரும்பவில்லை. கொட்டகை காலியாகக் கிடந்தது. உபதேசியார் வேதக்கண்ணின் நாடியைப் பிடித்துப் பார்த்து, கொயினா மாத்திரைப் புட்டியைத் தலைமாட்டில் வைத்தார். ராமநாதபுரத்துக்குப் போய் டாக்டரைக் கூட்டிவருவதாகப் பன்னிரண்டாம் தேதி வண்டி ஏறினார். ஏறும்போது வாசலில் கூடியிருந்த பெண்களிடம் சொன்னார்.

"பயப்பட ஒன்னுமில்ல. இது ஒருநாள் விட்டு ஒருநாள் வர்ற முறைக்காய்ச்சல்."

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. கரிசல் பாதை சேறாகி வண்டி அச்சுவரை இறங்கும் என்ற நிலைமை வந்து, ஊர் துண்டிக்கப்பட்டது. உபதேசியார் போய்விட்டார், அவர் விட்டுப்போன வார்த்தை மட்டும் ஊரில் இருந்தது. முறை என்ற சொல்லுக்கு வெள்ளைமுந்தலில் ஒரே அர்த்தம்தான். சோலையம்மாள் இரண்டு நாள் அதையே யோசித்தாள். பதினைந்தாம் தேதி வேதக்கண் பாயோடு பாயாக நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏத்தா, முறைக்காய்ச்சல்னா எல்லா முறையையும் நீ ஒருத்தியே எடுத்துக்கிருவியா? ஒரு வீடே எல்லாத் தண்ணியும் கோரிக்கிட்டா ஊரு சும்மா விட்டுருமா?"

வேதக்கண் பல்லைக் கடித்துக்கொண்டு, "நான் கேட்டா வாங்குனேன்?" என்றாள்.

"கேட்டியோ கேக்கலயோ, அடுத்த முறை என் வீடு. முறை கூப்பிடுறவ முதல்ல எடுக்கணும். அதுக்கப்புறம் நஃபீசா. கடைசியில உன் கொட்டகை. அதையும் ஒரு வீடாச் சேத்துக்கிட்டேன். தண்ணிக்கும் அதான் கணக்கு, காச்சலுக்கும் அதான்."

பதினேழாம் தேதி இரண்டு மணிக்கு வேதக்கண் போர்வையைச் சுற்றிக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை. இரண்டே காலுக்கு எழுந்து உட்கார்ந்தாள். பசித்தது. தெருவுக்கு அந்தப் பக்கம் சோலையம்மாள் வீட்டில் கட்டில் ஆடுகிற சத்தம் கேட்டது. காய்ச்சலுக்கு வழிகாட்ட யாரும் போகவில்லை. முறை தெரிந்த ஊரில் அதுவும் முறையைத் தெரிந்துகொண்டிருந்தது.

வேதக்கண் போய்ப் பார்த்தாள். தோணிப் பாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு சோலையம்மாள் நடுங்கினாள். தன் நோவை இன்னொருத்தி அனுபவிப்பதைப் பார்த்தால் வெட்கமோ இரக்கமோ வர வேண்டும். வேதக்கண் கொஞ்ச நேரம் அதற்காகக் காத்துப் பார்த்தாள். வரவில்லை. நோயாளி பக்கத்தில் அவளுக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். கால்மாட்டில் முழங்கால்போட்டு ஜெபித்தாள், ஒரு சங்கீதத்தைப் பாடினாள். கடமைக்குத்தான். சோலையம்மாளின் நடுக்கம் பாட்டின் தாளத்துக்கு இறங்கி வந்தது. பிறகு அவள் கண்ணைத் திறக்காமலே, வள்ளத்தைக் கூப்பிடும் அந்தக் குரலில், தான் ஒருநாளும் கேட்டறியாத ஒன்றைப் பாடினாள்: "காய்ந்த பனையின் நிழலும் போதும் கர்த்தாவே." ஒரு அடிதான். பாடிவிட்டு ஒப்பாரிபோல் அழுதாள்.

நம் பாத்திரத்தை இன்னொரு வீட்டில் பார்த்தால் அடையாளம் தெரியுமல்லவா, அப்படித் தெரிந்தது வேதக்கண்ணுக்கு. மாசிலாமணியின் பாட்டு. முதல் அடி.

வேர்த்து அடங்கிய பின் சோலையம்மாள் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு விசாரித்தாள். "இடது பொடதியில ஒரு மச்சம், பேசும்போது வேட்டி நுனியத் திருகுவாரு. யாரு தாயி அந்த மனுசன்? எனக்கு ஏன் அவரு செத்ததுக்கு இம்புட்டு அழுக வருது?"

"எங்க வீட்டுக்காரர்" என்றாள் வேதக்கண்.

"நீ அழலயா?"

"வரல."

சோலையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, அழுகிற வேலையும் காய்ச்சலோடு சேர்ந்துதான் வந்திருக்கிறது, அதுவும் முறைதான் என்று முடிவு செய்துவிட்டாள்.

நஃபீசாவின் முறையில் இரண்டாம் அடி வந்தது: "கலயம் வெறுங்கலயமாய்க் கையேந்தி நின்றேனே." நஃபீசா ஓதுவதை ஓதிக்கொண்டுதான் படுத்திருந்தாள், துஆவுக்கு நடுவில் அது வாயில் வந்துவிட்டது. வந்ததை வந்தது என்று சொன்னாள், அவள் ஒளிக்கிற ஆள் இல்லை. வேதக்கண் ஒரு பக்கம் ஜெபித்தாள், நஃபீசா ஒரு பக்கம் ஓதினாள், இரண்டும் அந்தச் சின்ன அறையில் இடிபடாமல் இருந்தன. அழுது முடித்தவள் சோலையம்மாளைக் கூட்டிவரச் சொன்னாள். வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பிறந்த மூன்றாம் நாளே இறந்துபோன பெண்பிள்ளைக்கு என்ன பேர் வைத்தீர்கள் என்று கேட்டாள். முப்பது வருஷமாக சோலையம்மாள் அந்தப் பிள்ளையைப் பற்றி வாய்திறந்ததில்லை. காய்ச்சல் ஒவ்வொரு வீட்டிலும் அந்த வீட்டு பாரத்தையும் ஏற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறது என்பது அப்போது ஊருக்குத் தெரிந்தது.

வீரையாவுக்கு ஆடுகளைத் தவிர யாரும் இல்லை. வேதக்கண் போய்ச் சேர்வதற்குள் அவர் தன் அடியைப் பாடி முடித்திருந்தார். என்ன பாடினார் என்று அவருக்கு நினைவில்லை. கேட்ட ஆடுகள் சொல்லவில்லை. "ஏதோ நல்லாத்தான் இருந்துச்சு தாயி" என்றார். மூன்றாம் அடி அப்படித் தொலைந்தது.

ஐப்பசி போய்க் கார்த்திகை வந்தது. வேதக்கண் தேறிவிட்டாள். பொழுது சாயும்போது இருபதாவதாக அவள் பெயரைக் கூப்பிட்டதும் போய் இரண்டு குடம் கோரினாள். ஒன்றுவிட்டு ஒரு நாள் முறை வீட்டுக்குப் போய்ப் பாடினாள். அவள் பாடினால் நடுக்கம் குறைகிறது என்று ஊர் கண்டுகொண்டதால், இரண்டு மணிக்கு மறக்காமல் கூப்பிட வந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஓரடி வந்தது, அவள் புருஷனுக்காக ஒருவர் அழுதார். அவருக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்று மெஹருன்னிசா சொன்னாள். அவர் விசிலடித்துக்கொண்டு சவரம் செய்வதைப் பூமயில் நடித்தே காட்டினாள். ஊரே அவரோடு குடும்பம் நடத்தியதுபோல் ஆயிற்று. வேதக்கண் எல்லாவற்றையும் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டாள். வந்த அடிகளை மனசில் வரிசையாக அடுக்கிவைத்தாள். மனசு அவற்றை வாங்கிக்கொண்டு கல்லாக இருந்தது.

காய்ச்சல் மட்டும் கனத்துக்கொண்டே போனது. நஃபீசாவின் முறையன்று, கொட்டகைவரை கேட்கும்படி கொழும்புத் துறைமுகத்தின் சங்கு ஊதியிருந்தது. அவளுக்கு அடுத்த எல்லா வீட்டிலும் அது ஊதியது. பத்தொன்பதாவது வீடு செல்லச்சாமியுடையது. ஒற்றை ஆளாக நங்கூரம் தூக்குகிறவன். கார்த்திகை இருபத்து மூன்றாம் தேதி அவன் முறை. பதினெட்டு வீட்டு பாரமும் மாசிலாமணியும் சேர்ந்து இறங்கியதில் கட்டில் கால் மணலுக்குள் ஒரு சாண் புதைந்தது. மறுநாளும் அவனால் எழுந்திருக்க முடியவில்லை. அடுத்த முறை கொட்டகை. செல்லச்சாமிக்கே இப்படி என்றால் இந்தப் பொம்பளை எலும்புகூட மிஞ்சாது என்று ஊர் பேசிக்கொண்டது. வேதக்கண் காதிலும் விழுந்தது.

அந்த இருபத்து நாலாம் தேதிதான் பாதை காய்ந்து உபதேசியார் வண்டியோடு வந்தார். டாக்டர் கிடைக்கவில்லை, ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குச் சொல்லிவைத்திருப்பதாகச் சொன்னார். வேதக்கண் குடத்தோடு நிற்பதைப் பார்த்துக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, இப்போதே கிளம்பலாம் என்றார். நடந்ததை நஃபீசா விவரமாகச் சொன்னாள். உபதேசியார் முழுவதையும் கேட்டுவிட்டு, இதை மிஷனுக்கு எப்படி எழுதுவது என்று நெற்றியைத் தேய்த்தார்.

வேதக்கண் சோலையம்மாளிடம் போய், "நான் போயிட்டா?" என்று கேட்டாள்.

"போறதுன்னா போ. உன்னைக் கட்டியா வச்சிருக்கு? முறை சுத்தி என் வீட்டுக்கு வந்துரும். நான் எடுத்துக்கிருவேன்."

அந்த எலும்பும் தோலும் எடுத்தால் பிழைக்காது. அது இருவருக்கும் தெரியும். வேதக்கண் தனக்குள்ளே பார்த்தாள்; தியாகம், அன்பு என்று பிரசங்கத்தில் சொல்கிறார்களே, அப்படி ஒன்றும் அங்கே இல்லை. பயம் மட்டும் சின்னதாக இருந்தது. நாலு வருஷத்தில் அவளுக்கு முதலில் வந்த உணர்ச்சி அதுதான். காய்ச்சலைக் கண்டு பயமில்லை. அதற்குள் உட்கார்ந்திருக்கும் மாசிலாமணியைக் கண்டு பயம். அவர் வந்தால் தாங்க மாட்டாள், அதனால்தான் இத்தனை நாள் மரத்துக் கிடந்திருக்கிறாள் என்று அப்போது புரிந்தது. ஆனால் முப்பத்தெட்டு நாள் முறைத் தண்ணீர் குடித்திருக்கிறாள். தண்ணீர் முறையை எடுத்துக்கொண்டு காய்ச்சல் முறையைக் கொடுத்துவிட்டுப் போக அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

வண்டியடிக்குத் திரும்பி வந்து சொன்னாள். "ஐயா, நீங்க ஒரு நாள் பொறுங்க. நான் என் முறைய எடுத்துட்டு வாரேன்."

இருபத்தைந்தாம் தேதி இரண்டு மணிக்குக் காய்ச்சல் கொட்டகைக்கு வந்தது. முதலில் குளிர். பல் கிட்டி, நாக்கு மடங்கி, ஜெபிக்க ஒரு வார்த்தை எழவில்லை. அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள்: மூன்று நாள் பெண்குழந்தை, கொழும்புச் சங்கு, வீரையாவின் செத்துப்போன கிடாய்கள், மெஹருன்னிசாவின் பார்வை மங்கிக்கொண்டே வரும் கண். எல்லோரும் மார்பின்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். கட்டிலின் நாலு காலும் மணலுக்குள் இறங்கிவிட்டன. கடைசியாக மாசிலாமணி வேட்டி நுனியைத் திருகிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரட்டுமா என்று கேட்கிற மாதிரி நின்றார். அவளுக்கு மூச்சு நின்றது. நஃபீசா அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

சோலையம்மாள் திரும்பி, கொட்டகையில் கூடியிருந்த ஊரைப் பார்த்து, காலையில் முறை கூப்பிடுகிற அதே குரலில் தன் பெயரைத் தானே கூப்பிட்டுக்கொண்டு, தன் அடியைப் பாடினாள். பிறகு "நஃபீசா" என்றாள். நஃபீசா பாடினாள். "வீரையா" என்றாள். வீரையா எழுந்து, "இங்கன ஒரு அடி இருந்துச்சு, மறந்துபோச்சு" என்று மெட்டோடு சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒருவருக்கும் சுருதி சேரவில்லை. செல்லச்சாமியைக் கட்டிலோடு தூக்கிவந்திருந்தார்கள். அவன் படுத்தபடியே தன் அடியை முனகினான். உபதேசியார் வேதப்புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். பத்தொன்பதும் முடிந்தது. சோலையம்மாள் கூப்பிட்டாள்.

"வேதக்கண்ணு."

பள்ளத்தில் தண்ணீர் வற்றிய பிறகு காத்திருக்கிற மாதிரி எல்லோரும் குத்தவைத்துக் காத்திருந்தார்கள். அவள் உதடு அசைந்தது. நாலு வருஷம் வெள்ளையாகக் கிடந்த பக்கத்தில் கடைசி அடி இருந்தது. "ஊறும் மட்டும் உட்கார்ந்திருப்பேன் ஐயாவே" என்று பாடினாள். குரல் உடைந்து, மாசிலாமணி உள்ளே வந்தார். அவள் அழுதாள். நாலு வருஷத்து அழுகை, அதோடு பத்தொன்பது வீட்டு அழுகையும் சேர்ந்து, நெஞ்சு வலிக்க வலிக்க அழுதாள். வலிப்பது தெரிந்து அதற்காகவும் அழுதாள். ஸ்தோத்திரம் என்று சொன்னாள். இந்தத் தடவை அந்த வார்த்தைக்குப் பின்னால் ஆள் இருந்தது. பிறகு வேர்த்தது. வேர்வையும் கண்ணீரும் கட்டிலுக்குக் கீழே குளம்கட்டி நின்றன. சோலையம்மாள் பழக்கதோஷத்தில் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"கரிப்பு இல்ல" என்றாள்.

பெண்கள் சிரட்டையால் கோரினார்கள். இரண்டு குடம் தேறியது.

உபதேசியார் அந்த வருஷத்து அறிக்கையில் எழுதினார்: வெள்ளைமுந்தல், பாட்டு நன்றாகக் கேட்கப்பட்டது, சேர்ந்தவர்கள் யாருமில்லை. வேதக்கண் அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் ஐப்பசி தவறாமல் வந்தாள். காய்ச்சலும் வந்தது, ஊரைச் சுற்றி இருபதாவதாக அவளிடம் வந்து முடிந்தது. கனம் வருஷத்துக்கு வருஷம் குறைந்து, கடைசியில் ஒரு போர்வை அளவுக்கு ஆயிற்று. ஹமீது சுல்தான் 1957இல் திரும்பினார். முறை வீட்டுக்காரர் என்பதால் அவருக்கும் ஓரடி சொல்லிக்கொடுத்தார்கள். வீரையா மறந்துபோனது மறந்துபோனதாகவே பாட்டில் நின்றுவிட்டது. தண்ணீரில் அவளுடைய இருபதாம் முறையை யாரும் எடுக்கவில்லை. அவள் தெற்கே இருக்கும் நாளிலும் சோலையம்மாள் பெயரைக் கூப்பிடுவாள். யாரும் சிரட்டையைத் தொடாமலே பள்ளத்தில் இரண்டு குடம் அளவுக்குத் தண்ணீர் இறங்கும். மாதம் ஒரு தபால் கார்டு வரும். ஊர் சுகத்தை விசாரித்துவிட்டு, முறைத் தண்ணீர் தவறாமல் வந்து சேருகிறது என்று அதில் எழுதியிருக்கும்.

1962 பங்குனியில் வந்த கார்டு வேறு கையெழுத்தில் இருந்தது. நஃபீசா வாசித்தாள். வேதக்கண் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடிக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்து, எழுந்திருக்கவில்லை என்று எழுதியிருந்தது. ஊரில் அன்று அடுப்பு மூட்டவில்லை. மறுநாள் காலையில் சோலையம்மாள் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு முறை கூப்பிட ஆரம்பித்தாள். பொழுது சாய்கிற நேரத்தில் பத்தொன்பது பெயரும் முடிந்தது. பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு, "வேதக்கண்ணு" என்றாள்.

எல்லோரும் குத்தவைத்தார்கள். பள்ளம் ஊறியது. நிறைந்து, சற்று நேரம் அசையாமல் நின்று, பிறகு இரண்டு குடம் அளவுக்கு இறங்கியது. சோலையம்மாள் சிரட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.